அப்புறம் போட்டுக்கலாம்

மாட்டுப் பொங்கலன்று மதியம் சாப்பாடு முடிந்ததும், அதே மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து அக்கா மகளின் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தேன். வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அவள் கட்டடக்கலை இரண்டாமாண்டு. விடுதியிலிருந்து வந்ததும் வராததுமாக, "ரொம்ப ஹேங் ஆகுது மாமா. ரெவிட் திறந்தா குரோம் மூடணும், குரோம் திறந்தா ரெவிட் செத்துப்போகுது" என்றாள். ரெவிட் என்பது கட்டடம் வரையும் மென்பொருள். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம், எட்டு ஜிபி இருக்கிறது, இன்னொரு எட்டு போட்டால் தீர்ந்தது. என்ன வகை, ரேமைச் செருக எத்தனை ஸ்லாட் என்று பார்த்துக்கொண்டு திங்கட்கிழமை சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போய்விடலாம் என்பது திட்டம். "வாரண்டி போயிடாதா?" என்று அத்தான் ஊஞ்சலில் இருந்தபடியே கேட்டார். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று கையை ஆட்டினேன்.

பத்து ஸ்க்ரூ. எட்டு கண்ணுக்குத் தெரிந்தன, இரண்டு பின்பக்க ரப்பர் பட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தன. கழற்றியதை எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே வரிசையில் காகிதத்தின் மேல் அடுக்கி வைப்பது என் பழக்கம். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான ஓட்டையில் போட்டு முறுக்கினால் மேல்பக்கம் ஒரு மேடு எழும்பிவிடும், ஒருமுறை பட்டிருக்கிறேன். காலாவதியான ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்து இழுத்துக்கொண்டே போனால், டக் டக்கென்று ஒவ்வொரு கொக்கியாக விட்டுக்கொடுக்கும். மூடி கையோடு வந்தது. உள்ளே பாதி இடத்துக்கு பேட்டரி, ஒரு ஃபேன், கட்டைவிரல் அகலத்தில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி. பிராசசர் பக்கத்தில் ஒரு தகர மூடி. ரேம் அதற்கு அடியில்தான் இருக்கும் என்று நகத்தால் நெம்பினேன். நான்கு கறுப்புச் சில்லுகள், கழற்ற முடியாதபடி போர்டோடு போர்டாக ஈயத்தில் பற்றவைத்து (சால்டர்) உட்கார்ந்திருந்தன. ஸ்லாட் இல்லை. போர்டைச் சுற்றி இன்னொரு முறை கண்ணை ஓட்டினேன், எங்காவது காலி ஸ்லாட் ஒன்று ஒளிந்திருக்காதா என்று. இல்லை.

"என்ன மாமா, காணோமா?"

மூடியைத் திறக்காமலேயே இதைத் தெரிந்துகொண்டிருக்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி என்ற இடத்தில் சொடுக்கினால், கீழே சின்ன எழுத்தில் 'ஃபார்ம் ஃபாக்டர்' என்று ஒரு வரி வரும். கழற்றி மாட்டும் ரேம் என்றால் 'எஸ்ஓடிஐஎம்எம்' என்று இருக்கும். மறுபடி மூடி முறுக்கி ஆன் செய்து பார்த்தபோது அவளுடையதில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தது. அவள் அதை வாசித்துவிட்டு, "ஒரு வரிசை சிப்ஸா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் போன ஜூலையில் பதினாறு ஜிபி மாடல் ஒன்பதாயிரம் ரூபாய் அதிகம் என்று அக்கா தயங்கியபோது, "எட்டே வாங்கு, அப்புறம் போட்டுக்கலாம், ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டாயிரம் ரூபாதான்" என்று சொன்னவன் நான். அக்கா அதை அன்று சொல்லிக்காட்டவில்லை. "விடுடா, பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு அவள் கேட்டாள்: "ஏன் மாமா இப்படி ஒட்டி வைக்கிறாங்க?" நான் யோசிக்கவே இல்லை. "எல்லாம் காசு பிடுங்கத்தான்" என்றேன். அந்தப் பதில்தான் அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடாமல் குடைந்துகொண்டிருக்கிறது.

அழிரப்பர் காலம்

'அப்புறம் போட்டுக்கலாம்' என்பது எங்கள் வீட்டில் ஒரு மந்திரம் மாதிரி. 2004இல் அப்பா வாங்கித் தந்த அசெம்பிள்டு சிஸ்டத்தில் 128 எம்பி ரேம். விண்டோஸ் எக்ஸ்பி அதில் ஓடியது என்று சொல்ல முடியாது, தவழ்ந்தது. இரண்டு வருடம் கழித்து, முதல் ட்யூஷன் சம்பளத்தில் ரிச்சி ஸ்ட்ரீட் போய் 256 எம்பி வாங்கிவந்து பொருத்தினேன். மூடிய டப்பாவை எதற்குத் திறக்கிறாய் என்று அப்பா பக்கத்திலேயே நின்றார். இரண்டு பக்கமும் வெள்ளைக் கொக்கி விரிந்திருக்க, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்'கென்று உள்ளே இறங்கி கொக்கிகள் தாமாகவே மூடிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத்தான் அதன் சுகம் தெரியும். எக்ஸ்பி எழுந்து நடந்தது. அப்பா அன்று இரவே பக்கத்து வீட்டில் போய் "பையனே எல்லாம் பண்ணிட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதிலிருந்து சொந்தபந்தத்தில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் எனக்குத்தான் போன். ஆன் ஆகாமல் பீப் பீப்பென்று கத்துகிறதா? ரேமைக் கழற்றி, அந்தத் தங்க நிறப் பல்வரிசையை பள்ளிக்கூட அழிரப்பரால் இரண்டு பக்கமும் தேய்த்து, ஊதிவிட்டு, திரும்ப மாட்டு. பத்தில் ஏழு தடவை உயிர் வந்துவிடும். மீதி மூன்றுக்குத்தான் கடை. எல்லோருக்கும் நான் சொன்ன ஆலோசனையும் ஒன்றேதான்: பிராசசரை நல்லதாக வாங்கு, அதை மாற்ற முடியாது, ரேமைக் கம்மியாக வாங்கு, கம்பெனி விலைக்குப் போடாதே, அப்புறம் பாதி விலையில் போட்டுக்கலாம். பதினைந்து வருடம் இது பொன்னான ஆலோசனை. என்னுடைய 2021 லேப்டாப்பையும் அப்படித்தான் எட்டு ஜிபியில் வாங்கி, 2023இல் இரண்டு பதினாறு மாட்டி 32 ஆக்கினேன்.

இந்த ஆலோசனைக்கு அடியிலிருந்து தரை மெல்ல நழுவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமலில்லை. 2008இல் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறைக்குள்ளிருந்து உருவிக் காட்டிய முதல் மேக்புக் ஏரிலேயே ரேம் போர்டோடு ஒட்டித்தான் வந்தது. 2012 ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ரேமை ஈயம் வைத்து, பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி விற்றபோது, பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் பத்துக்கு ஒன்று கொடுத்தது. அப்போதெல்லாம் அது ஆப்பிள் வாங்குகிறவர்களின் தலைவலி என்று நான் சிரித்துக்கொண்டேன். ஏழெட்டு வருடத்தில் மெல்லிய விண்டோஸ் லேப்டாப்புகள் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. சில மாடல்களில் எட்டு ஒட்டியிருக்கும், பக்கத்தில் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கும். அக்கா மகளுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். விவரப் பட்டியலில் 'எல்பிடிடிஆர்5எக்ஸ்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. முன்னால் அந்த 'எல்பி' (லோ பவர், குறைந்த மின்சாரம்) இருந்தால் பெரும்பாலும் ஒட்டிய ரேம்தான். அதைப் படித்தேன், தாண்டிப் போனேன். கடைக்காரரோ கம்பெனியோ ஏமாற்றவில்லை. அந்த மட்டில் தப்பு முழுக்க என்னுடையது.

மூன்றரை சென்டிமீட்டர்

சரி, காசு பிடுங்கத்தானா? இதைத் தோண்டப்போய் எனக்குக் கிடைத்த முதல் அடி இயற்பியலிடமிருந்து. சாதாரண லேப்டாப்பில் மாட்டும் டிடிஆர்5 என்ற வகை ரேமில் ஒவ்வொரு கம்பியும் வினாடிக்கு 560 கோடி முறை தகவல் கடத்தும். அவளுடைய மெல்லிய லேப்டாப்பில் இருக்கும் எல்பிடிடிஆர்5எக்ஸ் 853 கோடி வரை போகும். ஒரு துளித் தகவலுக்கும் அடுத்த துளிக்கும் நடுவில் இருக்கும் நேரத்தில் ஒளியே மூன்றரை சென்டிமீட்டர்தான் ஓட முடியும். போர்டுக்குள் செப்புக் கோட்டில் போகும் மின் சைகை (சிக்னல்) அதில் ஏறத்தாழ பாதி. என் கட்டைவிரல் அகலம் கூட இல்லை. இப்போது நான் கொஞ்சிய அந்த ஸ்லாட்டை யோசித்துப் பாருங்கள். சைகை பிராசசரில் கிளம்பி, போர்டில் ஊர்ந்து, ஸ்லாட்டின் வளைந்த உலோக விரல்களில் ஏறி, ரேமின் பல்வரிசை வழியாக இறங்கி, சில்லுக்குப் போகவேண்டும். ஏறி இறங்குமிடத்தில் எல்லாம் எதிரொலி. வேகம் கூடக்கூட, நான் அழிரப்பரால் தேய்த்த அதே தொடுமுனைகள்தான் இடைஞ்சல். இது தொண்ணூறுகளில் பிறந்த வடிவம், அது இவ்வளவு தூரம் ஓடிவந்ததே பெரிய காரியம்.

அது போக மின்சாரம். எல்பி வகை ரேம் கைபேசிக்காகப் பிறந்தது, பேட்டரியைச் சிக்கனமாகச் சாப்பிடும். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மறுநாள் திறந்தால் சார்ஜ் அப்படியே இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுவதால் சைகையும் மெலிசு, அது நெடுந்தூரம் தாங்காது. 2024இல் இன்டெல் தன் லூனார் லேக் பிராசசர் வரிசையில் ரேமை போர்டில்கூட வைக்காமல் பிராசசரோடு ஒரே பொட்டலமாகவே கட்டிவிட்டது. பதினாறு அல்லது முப்பத்திரண்டு, அவ்வளவுதான். அப்போதைய தலைவர் பாட் கெல்சிங்கர், இது ஒரு தடவைதான், இனி இப்படிச் செய்யமாட்டோம் என்று அதே வருடமே சொன்னார். ஆனால் அந்த லேப்டாப்புகளின் பேட்டரி நீடித்ததை யாரும் மறுக்கவில்லை.

என் வாதத்தை மொத்தமாகச் சாய்த்தது ஃப்ரேம்வொர்க். பெயர் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: திருப்புளி கையிலெடுத்தால் எதையும் கழற்றி மாற்றலாம் என்பதையே வியாபாரமாக வைத்து 2021இல் லேப்டாப் விற்கத் தொடங்கிய கம்பெனி, நிறுவனர் நிரவ் படேல். என் கட்சித் தலைவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் அவர்கள் ஒரு மேஜைக் கம்ப்யூட்டரை அறிவித்தார்கள், உள்ளே ஏஎம்டி கம்பெனியின் ரைசன் ஏஐ மேக்ஸ் பிராசசர் சில்லு. அதில் ரேம் ஒட்டித்தான் வருகிறது! இடத்துக்குப் பஞ்சமில்லாத டெஸ்க்டாப்பில். அந்தச் சில்லுக்கு ரேம் பாதை 256 பிட் அகலம், அதாவது ஒரே நேரத்தில் 256 துளித் தகவல் போகும். கழற்றும் ரேம் வைக்க முடியுமா என்று ஏஎம்டியோடு உட்கார்ந்து பார்த்தார்கள், சைகை தாங்கவில்லை, விட்டுவிட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அறிவிப்பை நான் அப்போதே பார்த்தேன், 'இவர்களும் விலைபோய்விட்டார்கள்' என்று நினைத்துக்கொண்டு கடந்துபோனேன். இந்தப் பொங்கலுக்குப் பிறகு உட்கார்ந்து திரும்பப் படித்தபோதுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது: பின்னால் கூட்ட முடியாது என்பதாலேயே, அதிக ரேம் உள்ள மாடலுக்கு மற்றவர்களை விட நியாயமான விலை வைக்க முயன்றிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே, அதில் ஆகக் குறைந்த மாடலே 32 ஜிபி.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். என் கோபம் இத்தனை நாள் தப்பான ஆள்மேல் இருந்திருக்கிறது. ஈயம் வைத்ததற்கு ஒரு நேர்மையான காரணம் இருக்கிறது. ஆனால் எட்டு ஜிபியில் வைத்து ஈயத்தை ஊற்றியதற்கு எந்த இயற்பியலும் காரணமில்லை. ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால், அந்தக் கருவி வாழப்போகும் ஐந்தாறு வருடத்துக்கும் போதுமானதை ஒட்டவேண்டும். போதாததை ஒட்டிவிட்டு, மேலே ஏற ஒரே படிக்கட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு கட்டணம் வசூலிப்பதற்கு வேறு பெயர். ஆப்பிள் 2024 அக்டோபர் வரை மேக்புக் ஏரை எட்டிலிருந்துதான் தொடங்கியது. எட்டைப் பதினாறாக்க 200 டாலர், நம் ஊரில் 20,000 ரூபாய். அதே காலத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எட்டு ஜிபி ரேமை இரண்டாயிரத்துக்குள் நானே வாங்கியிருக்கிறேன். சில்லு வேறு, தரம் வேறு என்று என்ன சொன்னாலும் பத்து மடங்குக்குக் கணக்கு வராது. ஆக, அவளுக்கு நான் சொன்ன பதில் பாதி சரி, பாதி பொய்.

இதற்கு மாற்றே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022இல் டெல் தன் பிரிசிஷன் லேப்டாப்புகளில் கேம் (CAMM) என்று ஒரு தட்டையான ரேம் அட்டையைக் கொண்டுவந்தது. ஸ்லாட்டில் சாய்த்துச் செருகுவதற்குப் பதிலாக, போர்டின் மேல் படுக்கவைத்து ஸ்க்ரூ போட்டு அழுத்திவிடவேண்டும். தூரம் குறைகிறது, வளைவு இல்லை. 2023 டிசம்பரில், மெமரிக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு அதையே எல்லோருக்குமான பொதுத் தரமாக்கியது. மறு வருடம் லெனோவோவின் திங்க்பேட் பி1 லேப்டாப்பில் எல்பிடிடிஆர்5எக்ஸ் ரேமையே கழற்றி மாட்டும் வடிவில் கொண்டுவந்தார்கள். ஒட்டினால்தான் முடியும் என்று சொல்லிவந்த அதே ரேம்! என்றாலும் மாணவர்கள் வாங்கும் விலையில் நான் இன்னும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அந்த அட்டையைத் தனியாகச் சில்லறையில் விற்க முன்வந்தது ரேம் செய்யும் மைக்ரான் கம்பெனி, தன் க்ரூஷல் என்ற பெயரில். அந்தக் க்ரூஷலுக்கு என்ன ஆனது என்பது அடுத்த கதை.

காலையில ஒரு ரேட்

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ரேம் வாங்க இல்லை. அவள் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் பதினாறு ஜிபியில் ஒன்று மாற்ற முடியுமா என்று கேட்க. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் அந்தச் சந்து எப்போதும் போலத்தான் இருந்தது: தலைக்கு மேல் ஒயர், காலடியில் தெர்மாகோல், நடுவில் ஹார்ன் அடிக்கும் பைக். பல வருடமாக நான் போகும் கடையில் ஒரு பேச்சுக்கு, என் லேப்டாப்பில் இருக்கும் பழைய தலைமுறை டிடிஆர்4 ரேம், பதினாறு ஜிபி என்ன விலை என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை, நான் 2023இல் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல். தப்பாகக் காதில் விழுந்துவிட்டதோ என்று திரும்பக் கேட்டேன். "காலையில ஒரு ரேட், சாயங்காலம் ஒரு ரேட் சார். எங்களுக்கே தெரியாது. இருக்கறத வித்துட்டா அதே விலைக்கு வாங்க முடியல" என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் நகைக்கடை மாதிரி நாலைந்து ரேம்தான் இருந்தன.

செய்தி தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. உலகத்துக்கு ரேம் சில்லு செய்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் மூன்றே பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சர்வர்களுக்குப் போகும் ஹெச்பிஎம் என்ற அடுக்கு ரேமுக்கு லாபம் அதிகம். ஒரு ஜிபி ஹெச்பிஎம் செய்ய, சாதாரண டிடிஆர்5இல் மூன்று ஜிபிக்கு ஆகும் சிலிக்கான் தட்டு போகிறது. 2025 அக்டோபரில் சாட்ஜிபிடி செய்யும் ஓப்பன்ஏஐ, சாம்சங்கோடும் ஹைனிக்ஸோடும் மாதம் 9 லட்சம் தட்டுகள் வரை என்று பேசி வைத்தது. டிசம்பர் 3ஆம் தேதி மைக்ரான், 29 வருடமாக நம்மைப் போன்றவர்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த க்ரூஷலையே மூடுவதாக அறிவித்தது. 2026 பிப்ரவரி வரை சரக்கு அனுப்புவோம், அதோடு சரி என்றது. சர்வர்காரர்களுக்குப் போகவே போதவில்லையாம். என் லேப்டாப்பில் இருக்கும் இரண்டும் க்ரூஷல்தான். கடைக்காரரிடம் அதைச் சொன்னதும், "கழட்டிக் குடுக்கறீங்களா சார்?" என்றார். விளையாட்டுக்குக் கேட்டாரா நிஜமாகவா என்று இப்போதும் தெரியவில்லை.

இதில் எனக்கு உறுத்தியது இதுதான். நான் அவ்வளவு கொண்டாடிய ஸ்லாட், இன்றைக்கு அவள் லேப்டாப்பில் இருந்திருந்தாலும் என் 'ரெண்டாயிரம் ரூபா' பலித்திருக்காது. 'அப்புறம்' என்பது இன்றை விட மலிவாக இருக்கும் என்பதுதான் அந்த மந்திரத்தின் உயிர். நான் கம்ப்யூட்டர் தொட்ட நாளிலிருந்து பெரும்பாலும் அப்படியே நடந்ததால், அதை ஒரு விதி என்றே நம்பிவிட்டேன். நடுவில் ரேம் விலை ஏறின வருடங்களும் உண்டு, அவை இறங்கியும் இருக்கின்றன. இதுவும் இறங்கலாம். அதுவரை அவளுடைய செமஸ்டர் காத்திருக்காது.

பதினாறு ஜிபி லேப்டாப்புகளின் விலையும் ஜூலையை விட ஏறியிருந்தது. அக்காவிடம் மறுபடி காசு கேட்கும் தைரியம் எனக்கில்லை. அவளுடையதுக்கு மாற்று விலையாகக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் 2021 லேப்டாப்பில் என் சமாச்சாரங்களை எல்லாம் துடைத்து, விண்டோஸை மறுபடி போட்டு, பையோடு அவளிடம் கொடுத்தேன். அவளுடையதை நான் எடுத்துக்கொண்டேன். "வேண்டாம் மாமா, உங்களுக்கு வேலைக்கு வேணுமே" என்றாள். நான் எழுதுவதற்கும் நாலு எக்செல் ஷீட்டுக்கும் எட்டு ஜிபி தாராளம் என்றேன். அதுவும் பாதி பொய்தான்.

மூன்று வாரமாக இதில்தான் எழுதுகிறேன். குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு கிலோ கொஞ்சம் சொச்சம் கனம். ஃபேன் சத்தம் கேட்டதாக நினைவில்லை. காலையில் சார்ஜரைக் கழற்றினால் சாயங்காலம் வரை தேடவேண்டியதில்லை. என் பழைய லேப்டாப்பில் மூன்று மணி நேரமே பெரிய விஷயம். அந்த நான்கு சில்லுகளுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்தபின் அவற்றைத் திட்டவும் முடியவில்லை. ஆனால் பன்னிரண்டாவது டேப் திறக்கும்போது முதல் டேப் காணாமல் போய், திரும்பப் போனால் முதலிலிருந்து ஏற்றுகிறது. இந்தக் கட்டுரைக்காகத் திறந்து வைத்த பக்கங்களை இரண்டு தடவை அப்படி இழந்தேன்.

நேற்று ராத்திரி விடுதியிலிருந்து அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்: "மாமா, உங்க லேப்டாப் செங்கல் மாதிரி இருக்கு. ஸ்டுடியோவுக்குத் தூக்கிட்டுப் போய் தோள் வலிக்குது. ஆனா ரெவிட், குரோம், ஸ்பாட்டிஃபை மூணும் ஒண்ணா ஓடுது."